அவர்கள் எதைப் பார்த்து எடுக்கிறார்கள்?

பொன்விழா ஆண்டுக் கல்வி மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை



 பொன்விழா ஆண்டில் படிப்புக்கென்று ஒரு மாலை வேண்டும் என்று பங்குப் பேரவையில் முடிவானபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நாம் தேடி அலையவில்லை. சில ஆண்டுகளாகவே ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, வாசற்படியில் நம்மை நிறுத்திப் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சாமி, பையன் அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறான். நல்ல மார்க்குதான். ஆனால் அங்கே மார்க் மட்டும் போதாது என்கிறார்களே! அப்படியானால் எதைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்?"

கேள்வி நியாயமானது. ஒரு காலத்தில் நமக்கும் இதற்கு விடை தெரியாது. தெரியாததால் நாம் ஒரு பிழையும் செய்தோம். அதைப் பின்னால் உங்கள் முன்னிலையில் சொல்லுவோம். முதலில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இளங்கலைப் படிப்புக்குப் போகிறவர்களை அங்கே எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

நம் முறையும் அவர்கள் முறையும்

நம் மாநிலத்தில் பொறியியல் சேர்க்கை நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்கு எவ்வளவு என்று ஒரு கட்-ஆஃப் போடுவார்கள். அவரவர் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குள் தரவரிசை வரும். இருவர் சமமானால் பாட மதிப்பெண், பிறகு பிறந்த தேதி, அதிலும் சமமானால் கணினி கொடுத்த சமவாய்ப்பு எண். இந்த மாணவன் எப்படிப்பட்டவன் என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்காததில் ஒரு பெரிய நன்மையும் உண்டு. பெரிய மனிதருடைய சிபாரிசு அங்கே செல்லாது.

அமெரிக்காவின் பெயர் பெற்ற கல்லூரிகளில் வேறு முறை. சேர்க்கை அலுவலர் என்றே சிலரை வேலைக்கு அமர்த்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஆளுக்கு ஒரு வட்டாரம் என்று பிரித்துக்கொண்டு, அந்த வட்டாரத்து விண்ணப்பங்களை அவர்கள் வாசிக்கிறார்கள். குறிப்பு எழுதுகிறார்கள். பின்பு பல கல்லூரிகளில் ஒரு குழு கூடி, ஒவ்வொருவரைப் பற்றியும் பேசி முடிவு செய்கிறது. ஆகவே அங்கே உங்கள் பிள்ளையின் கட்டை வாசிப்பது ஒரு மனிதர். அவருக்கு நாளெல்லாம் இதே வேலை. ஒரு கட்டுக்கு அவர் செலவிடுவது சில நிமிடங்கள்.

இந்த முறை மிக உயர்ந்த எண்ணத்தில் பிறந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களும் பெரும்பாலும் தேர்வில் தேறியவர்களையே எடுத்தார்கள். அப்படி எடுத்ததில், 1922ஆம் ஆண்டளவில் ஹார்வர்டு மாணவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யூதப் பிள்ளைகளாக இருந்தார்கள். அன்றைய தலைவர் லாவெல் அந்தத் தொகையைக் குறைக்க விரும்பினார். வெளிப்படையாக வரம்பு கட்ட ஆசிரியர் குழு இசையவில்லை. 1926இல் விதிகளை மாற்றி, குணநலனையும் பார்ப்போம் என்றார்கள். புகைப்படமும் கேட்டார்கள். யூத மாணவர் தொகை இறங்கிப் போயிற்று. 'குணம்' என்ற நல்ல சொல் ஒரு சாராரை வெளியே நிறுத்தப் பயன்பட்டது. மனிதர் கையில் தராசு இருந்தால் அது நல்லதுக்கும் சாயும், கெட்டதுக்கும் சாயும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மதிப்பெண்

அவர்கள் முதலாவதாகப் பார்ப்பது மதிப்பெண்தான். "மார்க் எல்லாம் ஒன்றுமில்லை" என்று உங்கள் பிள்ளைகளிடம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டும் எப்படிப் படித்தான், பள்ளியில் கிடைத்த கடினமான பாடங்களை எடுத்தானா என்பதே அவர்களுக்குத் தலையாயது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது எஸ்.ஏ.டி. தேர்வு வேண்டாம் என்று பல கல்லூரிகள் விட்டுக்கொடுத்தன. ஆனால் எம்.ஐ.டி. 2022இலும், டார்ட்மத், ஹார்வர்டு ஆகியவை 2024இலும் அதை மறுபடி கட்டாயமாக்குவதாக அறிவித்தன.

ஆனால் மதிப்பெண் வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். 2018இல் ஹார்வர்டின் சேர்க்கை முறை பற்றி பாஸ்டன் நகர நீதிமன்றத்தில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. அதுவரை மூடிக் கிடந்த பல கணக்குகள் அதில் வெளியே வந்தன. 2015இல் சேர்ந்த வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு விண்ணப்பங்கள் மட்டும் ஏறத்தாழ 26,000. எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 3,400 பேர். பள்ளியில் எல்லாப் பாடத்திலும் உச்ச மதிப்பெண் வாங்கியவர்கள் 8,000க்கு மேல். வகுப்பில் சேர்ந்தவர்களோ 1,600 பேர் அளவுதான். முழு மதிப்பெண் வாங்கியவர்களையே எடுப்பதென்றாலும் இடம் போதாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மதிப்பெண்ணை அவர்கள் தனியே பிய்த்தெடுத்துப் பார்ப்பதில்லை. எப்படிப்பட்ட பள்ளி, அங்கே என்னென்ன பாடம் உண்டு, சக மாணவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பள்ளியும் ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும். இந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது எவ்வளவு, கிடைத்ததை வைத்து அது செய்தது எவ்வளவு என்பதே அவர்கள் எழுப்பும் கேள்வி.

செயல்கள்

இரண்டாவது, படிப்புக்கு வெளியே பிள்ளை செய்தது என்ன என்பது. 'காமன் அப்ளிகேஷன்' என்ற பொது விண்ணப்பத்தை 1975இல் 15 கல்லூரிகள் கூடித் தொடங்கின. இன்று 1,000க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதை ஏற்கின்றன. அதில் செயல்களுக்கு 10 இடம் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான்.

பத்து இடத்தைக் கண்டதும் பெற்றோர் பதறுகிறார்கள். ஒரு மாதம் கராத்தே, இரண்டு மாதம் கீபோர்டு, முதியோர் இல்லத்தில் ஒரு நாள் பழம் கொடுத்துப் புகைப்படம், கோடை விடுமுறையில் பணம் கட்டி ஒரு சான்றிதழ் என்று ஓடுகிறார்கள். ஆயிரக்கணக்கான கட்டுகளை வாசித்த கண்ணுக்கு இது தெரியாமல் போகுமா? 2016இல் ஹார்வர்டின் கல்வியியல் பிரிவிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. பல கல்லூரிகளின் சேர்க்கை அலுவலர்கள் அதை ஆதரித்தார்கள். எத்தனை செயல் என்று எண்ண வேண்டாம், ஒன்றில் எவ்வளவு காலம் மனம் வைத்து நின்றார்கள் என்று பாருங்கள். வீட்டுப் பொறுப்பைச் சுமக்கிற பிள்ளையின் உழைப்பையும் மதியுங்கள் என்பது அதன் சாரம்.

அந்தப் பொது விண்ணப்பத்திலேயே செயல்களின் வகைகளில் 'குடும்பப் பொறுப்புகள்' என்று ஒரு வகை உண்டு. 'சம்பளத்துக்குச் செய்த வேலை' என்றும் ஒரு வகை உண்டு. இதை இங்கே உள்ள தாய்மார்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு நாலு வருடம் மருந்து கொடுத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து வைத்துவிட்டுப் படித்த பெண் எதுவும் செய்யாதவள் அல்ல. அப்பாவின் கடையில் மாலைதோறும் உட்கார்ந்த பையனும் எதுவும் செய்யாதவன் அல்ல.

கட்டுரை

மூன்றாவது கட்டுரை. உச்ச வரம்பு 650 சொற்கள். பிள்ளைகள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். மேடைப் பேச்சுப் போட்டிக்குப் பழகியவர்கள் அல்லவா! "உலகை மாற்றப் பிறந்தவன் நான்" என்று தொடங்கி, தலைவர்கள் பொன்மொழி இரண்டைச் சேர்த்து, நாட்டுக்குத் தொண்டு செய்வேன் என்று முடிக்கிறார்கள். அதில் பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரை எழுதினாலும் கட்டுரை அப்படியே நிற்கும். அப்படி நின்றால் அது அந்தப் பிள்ளையின் கட்டுரை அல்ல.

பெரிய சம்பவம் தேவையில்லை. துன்பக் கதையைக் கூட்டிச் சொல்லவும் வேண்டியதில்லை. தான் கண்ட ஒரு சிறு காரியம், அதில் எழுந்த ஒரு கேள்வி, அதற்காகத் தான் செய்தது, செய்ததில் தவறியது, தவறியதில் கற்றது. இதை உள்ளபடி எழுதினால் போதும். காசுக்கு எழுதித் தருகிறவரிடமும், கேட்டவுடன் எழுதித் தரும் கணினியிடமும் இதை ஒப்படைக்காதீர்கள். கணினியின் செயற்கை அறிவு எழுதியதைத் தன்னுடையது என்று கொடுப்பதை அந்தப் பொது விண்ணப்பம் மோசடி என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

கடிதம்

நான்காவது, பிள்ளையை அறிந்த பெரியவர்கள் எழுதும் கடிதம். வழக்கமாக ஆசிரியர்கள் எழுதுவார்கள். பல கல்லூரிகள் வேறொருவர் எழுதவும் இடம் தருகின்றன. விளையாட்டுப் பயிற்சியாளர், வேலை கொடுத்தவர், குருவானவர் என்று அதற்கும் வகை உண்டு. இந்த இடத்தில்தான் நாம் முதலில் சொன்ன பிழை வருகிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு மாணவி ஒருத்தி கடிதம் கேட்டு வந்தாள். அவள் இப்போது இந்த மன்றத்தில்தான் இருக்கிறாள். அவளுடைய அனுமதியோடுதான் சொல்கிறோம். அன்று பங்கு அலுவலகத்தில் திருமண ஓலை வேலை மிகுந்திருந்தது. வழக்கமாகக் கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழை எடுத்து, பெயரை மாற்றி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தோம். "இவர் எமது பங்கைச் சேர்ந்தவர். நல்லொழுக்கம் உடையவர். தவறாது கோவிலுக்கு வருபவர். இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்." இவ்வளவுதான்.

நமக்கு அவளைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதானா? அவளுடைய தாயார் தையல் ஆலையில் வேலை முடிந்து வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகும். அதுவரை தம்பியை வீட்டில் தனியே விடக்கூடாதென்று, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவனைக் கோவில் திண்ணைக்கு அழைத்து வந்து பாடம் சொல்லிக்கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வருவதற்குள் பதினேழு பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். எழுத்துக் கூட்ட வராத ஒரு பையனுக்காகப் பழைய காலண்டர் தாளை வெட்டி எழுத்து அட்டை செய்து வந்தாள். ஒரு நாள் திண்ணையின் டியூப்லைட் அணைந்துபோனது. நம்மிடம் ஏணியைக் கேட்டு வாங்கி, தானே ஏறி மாற்றிவிட்டு, ஏணியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். இவ்வளவையும் நான்கு ஆண்டுகள் நம் சன்னல் வழியே நாம் பார்த்தோம். ஒரு வரி எழுதவில்லை.

விண்ணப்பம் போட்ட எல்லாக் கல்லூரிகளும் மறுத்துவிட்டன. அந்த மடல்களை எடுத்துக்கொண்டு அவள் வந்தபோதுதான் விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் பார்த்தோம். செயல்கள் என்ற இடத்தில் இரண்டு நாள் கணினிப் பயிற்சி முகாமின் சான்றிதழை எழுதியிருந்தாள். திண்ணைப் பாடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. ஏனம்மா என்று கேட்டோம். "அதைப் போய் எழுதணுமா சாமி? நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதானே" என்றாள்.

நம் கடிதம் நன்றாக இருந்திருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. ஆனால் தன் அருமை தெரியாத பிள்ளைக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டிய பெரியவர்கள் நாம். அன்று நாம் வாய் திறக்கவில்லை. அவளிடம் அன்றே மன்னிப்புக் கேட்டோம். இன்று உங்கள் முன்னிலையிலும் கேட்கிறோம். அவள் நம் மாவட்டத்துக் கல்லூரியிலேயே கணிதம் படித்துத் தேறி, இப்போது மேற்படிப்புக்கு ஆயத்தமாகிறாள். இந்தத் தடவை விண்ணப்பத்தின் முதல் வரியே அந்தத் திண்ணைதான்.

நாம் இளங்குருமடத்தில் சேர்ந்த கதை அன்று இரவு நினைவுக்கு வந்தது. நம்மை அனுப்பி வைத்த பங்குத்தந்தை ஒரு கடிதம் எழுதியிருந்தார். பல ஆண்டுகள் கழித்து அதிபர் தந்தை அதை நமக்கு வாசித்துக் காட்டினார். பக்தியுள்ள பையன், ஒழுக்கமுள்ள பையன் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. "இவன் மூன்று ஆண்டுகளாகக் காலை மணி அடிக்கிறான். ஒரே ஒரு நாள் தூங்கிவிட்டான். நான் கவனிக்கவில்லை, அவனே வந்து சொன்னான்." அந்த மூன்று வரியில் நாம் குருமடத்துக்குள் நுழைந்தோம். அப்படிப்பட்ட கடிதத்தால் பயன் பெற்றவர், பிறருக்கு அதை எழுதத் தவறினோம்.

அதற்கு அடுத்த ஆண்டு ஒரு பையன் வந்தான். தகப்பனார் மிக்சி, கிரைண்டர் பழுது பார்ப்பவர். இந்தத் தடவை அவனை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினோம். தாயாரையும் அழைத்துக் கேட்டோம். ஒரே தெருவிலிருந்து மிக்சி மோட்டார்கள் திரும்பத் திரும்பக் கருகி வருவதைக் கண்டு, அந்தத் தெருவில் மாலை நேர மின்னழுத்தத்தை ஒரு மாதம் அளந்து நோட்டில் குறித்திருக்கிறான். அழுத்தம் மிகவும் இறங்குவது தெரிந்து, மின்வாரிய அலுவலகத்தில் நோட்டைக் காட்டி மனுக் கொடுத்திருக்கிறான். முதல் மனு காணாமல் போயிற்று. இரண்டாவது மனுவை எழுதிக்கொண்டு மறுபடி போனான். நாம் இதை அப்படியே எழுதினோம்; புகழ்ச்சி ஒன்றும் சேர்க்கவில்லை. இரண்டு கல்லூரிகள் மறுத்தன. ஒன்று உதவித்தொகையோடு ஏற்றது.

இருட்டுப் பக்கமும் உண்டு

இவ்வளவு சொன்ன பிறகு, உண்மையின் மறுபாதியையும் சொல்லாவிட்டால் நாம் உங்களை ஏமாற்றியவர் ஆவோம். இந்த முறை நீதியாகவே நடக்கிறது என்று எண்ண வேண்டாம். அதே ஹார்வர்டு வழக்கில், அங்கே படித்தவர்களின் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்தது வெளியாயிற்று. அத்தகைய உறவு இல்லாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவுக்கே கிடைத்தது. ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்குக் குணநலன் மதிப்பீட்டில் சராசரியாகக் குறைந்த மதிப்பு விழுந்திருந்ததும் தெரிய வந்தது. 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் எடுக்கும் சேர்க்கை முறை செல்லாது என்றது. தன் வாழ்வில் இனம் எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் தன் கட்டுரையில் எழுதுவதை மட்டும் அது தடுக்கவில்லை.

2019 மார்ச் மாதத்தில் இன்னொரு கூத்து வெளிவந்தது. பணக்காரப் பெற்றோர் சிலர் இடைத்தரகர் வழியாகப் பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்து, விளையாடாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டி இடம் வாங்கியிருந்தார்கள். 50 பேர் மீது வழக்குப் பதிவாயிற்று. பெற்றோர் பலர் சிறை சென்றார்கள். குணத்தைத் தேடுகிற சந்தையில் போலிக் குணமும் விலைக்கு வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பாராமலே தேர்ந்தெடுத்து, தேவையான உதவி முழுவதையும் தரும் கல்லூரிகள் மிகச் சில. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்றவை அந்த வரிசையில் உண்டு. அங்கே இடம் கிடைப்பது மிகவும் அரிது. மற்ற பல கல்லூரிகளில் வெளிநாட்டுப் பிள்ளை கேட்கும் உதவித்தொகையும் முடிவைப் பாதிக்கும். ஆகவே வீட்டையோ நகையையோ அடகு வைப்பதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை விண்ணப்பிப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்களை ஏற்கின்றன. பெயர் பெற்ற பத்துப் பதினைந்தோடு அந்த நாடு முடிந்துவிடவில்லை.

முடிவாக

பெற்றோர்களே, பத்து இடத்தை நிரப்பப் பிள்ளையை விரட்டாதீர்கள். அவன் மனம் ஊன்றிய ஒன்றைச் செய்ய நேரம் கொடுங்கள். வீட்டில் அவள் செய்யும் வேலைக்கு வாய் திறந்து ஒரு நன்றி சொல்லுங்கள். தான் செய்தது மதிப்புள்ளது என்று வீட்டில் கேட்டறியாத பிள்ளை, வெளியே அதை எழுதத் துணியாது.

ஆசிரியப் பெருமக்களே, கடிதம் எழுதும்போது பெயரை மாற்றி வேறு மாணவனுக்குக் கொடுக்க முடியாத ஒரு வரியாவது எழுதுங்கள். அதற்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டால் போதும். பங்கு அலுவலகத்தில் நாம் இப்போது அப்படி ஒன்று வைத்திருக்கிறோம். கண்ணில் படுவதைத் தேதியிட்டுக் குறித்து வைக்கிறோம்.

மாணவச் செல்வங்களே, அலுவலர் கண்ணில் படவேண்டும் என்பதற்காக எதையும் செய்யாதீர்கள். செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்; செய்ததை உள்ளபடி சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். கேட்ட இடம் கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால், உங்களை ஒருமுறைகூட நேரில் பாராத ஒருவர் சில நிமிடங்களில் எடுத்த முடிவு அது. உங்கள் மதிப்பு அதனால் குறைந்துவிடாது. திண்ணையில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருந்த அந்தப் பையன் இன்று ஏழாம் வகுப்பில் சரளமாக வாசிக்கிறான். எந்தக் கல்லூரியின் மறுப்பு மடலும் அதை இல்லையென்று ஆக்கிவிட முடியாது.

சிபாரிசுக் கடிதம் வேண்டுவோர் இனி கடைசி நாளில் ஓடி வராமல், இரண்டு மாதம் முன்னதாகவே வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.